கிளட்ச் மாற்றிய பின் உதறலும் கியர் கரகரப்பும்: ஓட்டிப் பார்ப்பதா, வெளியிலிருந்தே சரிசெய்வதா, கியர்பாக்ஸை மறுபடி இறக்குவதா?

புதிய கிளட்ச் போட்ட வண்டி முன்பைவிட மென்மையாக ஓட வேண்டும். ஆனால் சில வண்டிகளில் பட்டறையை விட்டு வெளியே வந்ததுமே ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கடிக்கும். முதல் கியரில் நகரும்போதோ, சிக்னலில் நிற்கும்போதோ, எண்பதில் போகும்போதோ முன்பு இல்லாத உதறல் வரும். கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "புது பிளேட்டு சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்." இந்தப் பதில் ஒரே ஒரு வகை உதறலுக்குப் பொருந்தும். கியர் கரகரப்புக்கு ஒருபோதும் பொருந்தாது.

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. இரண்டு, கியர்பாக்ஸைத் தொடாமல் வெளியிலிருந்தே சரிசெய்யக்கூடியவற்றைச் சரிசெய்வது. மூன்று, கியர்பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்ப்பது. முதலாவதற்குச் செலவில்லை, இரண்டாவதற்கு ஓரிரு மணி நேரம், மூன்றாவதற்குச் சிறிய காரிலேயே ஏறக்குறைய ஒரு நாள் வேலையும் முழுக் கூலியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வண்டியே சொல்லும். கீழே உள்ள சோதனைகளுக்கு ஜாக்கி கூடத் தேவையில்லை. ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கர இயக்க மேனுவல் கார்களை மனதில் வைத்தே இதைச் சொல்கிறோம். பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளுக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறோம்.

இரண்டு புகார்களையும் முதலில் பிரியுங்கள்

உதறலும் கரகரப்பும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே காரணம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கிளட்ச் மாற்ற ஆக்சில், எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தாங்கி), கியர் கேபிள், பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி, கீழ் ஆர்ம் என்று பாதி வண்டியைக் கழற்றுகிறார்கள். உதறல் இவற்றில் எதிலிருந்தும் வரலாம்.

கரகரப்பு அப்படியல்ல. பெடலை மிதித்ததும் பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) பின்வாங்கி, பிளேட் பிளைவீலிலிருந்து (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) விடுபட வேண்டும். அப்போது கிடைக்கும் இடைவெளி இருபக்கமும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதில் கொஞ்சம் குறைந்தாலும் பிளேட் பிளைவீலை உரசிக்கொண்டே சுற்றும். அதோடு கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் (எஞ்சின் சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) சுற்றும். கியர்பாக்ஸுக்குள் உள்ள சிங்க்ரோ ரிங்கின் வேலை தனியாகச் சுழலும் ஷாஃப்டின் வேகத்தைக் கியரின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்வது. எஞ்சினே இழுத்துச் சுற்றும் ஷாஃப்டை அதனால் அடக்க முடியாது. பற்கள் மோதுகின்றன, நமக்குக் கரகரவென்று கேட்கிறது. ஒவ்வொரு முறையும் பித்தளை ரிங்கின் உராய்வுப் பரப்பும் பற்களின் முனையும் கொஞ்சம் தேய்கின்றன. அதனால்தான் கரகரப்பை ஓட்டிப் பார்த்துத் தீர்க்க முயல்வது தவறு: கிளட்ச் கோளாறு கியர்பாக்ஸ் கோளாறாக மாறிவிடும், அதற்கான செலவு வேறு கணக்கு.

பத்து நிமிடச் சோதனை

எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோதே கியர் இறுக்கமாக விழுகிறது, அல்லது ஒரு வரிசை மட்டும் சரியாகக் கிடைக்கவில்லை என்றால் கோளாறு கியர் கேபிளிலோ லிவர் இணைப்பிலோ இருக்கிறது. கிளட்ச்சைக் குற்றம் சொல்ல வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் கடித்தால் கிளட்ச் விடவில்லை என்று பொருள்.

அடுத்து, ஐடிலில் பெடலைத் தரையோடு அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது; பெடலை மிதித்த உடனே போட்டால் நல்ல கிளட்ச்சிலும் சற்றுக் கடிக்கும். ஐந்து நொடி காத்தும் கடித்தால்தான் கோளாறு. பத்து நொடி காத்தும் அதே சத்தம் என்றால் பிளேட் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதில் ஆயில் குழாயால் இயங்குவது) என்றால், பெடலை வேகமாக மூன்று முறை அடித்து, நான்காவது மிதியில் உடனே கியர் போடுங்கள். இப்போது கடிக்காமல் விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது. இந்த ஒரு சோதனை பலருக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

பிறகு, முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத சமதளத்தில், முதல் கியரில், பெடலை முழுக்க மிதித்தபடி, ஹேண்ட் பிரேக் இல்லாமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். வலது கால் பிரேக்குக்குத் தயாராக இருக்கட்டும். வண்டி முன்னால் நகரப் பார்த்தால் கிளட்ச் இழுக்கிறது. தொடக்கத்தில் அசையாமல் இருந்து, பெடலை அரை நிமிடம் பிடித்திருந்த பிறகு மெல்ல நகரத் தொடங்கினால், ஹைட்ராலிக் கிளட்ச்சில், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் கசிகிறது. அதற்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

உதறலுக்கு மூன்று கேள்விகள். நிற்கும்போதும் உண்டா? நியூட்ரலில் ஐடிலிலும், பிறகு மெல்ல 2500 சுற்று வரை ஏற்றியும் பாருங்கள். நின்ற இடத்திலேயே சுற்றோடு சேர்ந்து உதறல் ஏறினால் பிளைவீல், பிரஷர் பிளேட், மவுண்டிங் இவற்றில் ஒன்று. பெடலை மிதித்ததும் அது அடங்கினால் சந்தேகம் பிளேட், இன்புட் ஷாஃப்ட் பக்கம் போகிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பிளைவீலோடு எப்போதும் சேர்ந்து சுற்றும் பாகங்கள் அல்லது மவுண்டிங். மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று புதுச் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்ததும் பிரஷர் பிளேட்டை அழுத்தும் பேரிங்).

நகரும் நொடியில் மட்டும் உண்டா? பெடலை விடும்போது, பிளேட் பிடிக்கத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் மட்டும் வண்டி தட்தட்டென்று குலுங்கி, முழுக்க விட்டதும் அடங்கினால் அது பிளேட் பிடிக்கும்போது வரும் உதறல்.

ஓடும்போது மட்டும் உண்டா? அறுபது, எண்பதில் உதறும்போது ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சின் சுற்று இறங்கியும் உதறல் அப்படியே தொடர்ந்தால் கிளட்ச்சுக்குச் சம்பந்தமில்லை. சக்கரம், ஆக்சில், வீல் நட் பக்கம் பாருங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் வந்து, விட்டால் மறைந்தால் ஆக்சிலின் உள் ஜாயிண்ட் அல்லது மவுண்டிங்.

முதல் வழி: ஓட்டிப் பார்ப்பது

இது பொருந்தும் இடம் குறுகியது. கரகரப்பு சிறிதும் இல்லை, நிற்கும்போது உதறல் இல்லை, முதல் கியரில் நகரும்போது மட்டும் லேசான குலுக்கல், அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது: இந்த நான்கும் சேர்ந்தால் 300 முதல் 500 கிலோமீட்டர் வரை பொறுக்கலாம். புதிய பிளேட்டின் பரப்பும் பிளைவீலின் பரப்பும் முழுதாக ஒட்டிப் பொருந்த அவ்வளவு ஓட்டம் தேவை. ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதுதான் இதற்கு உதவும். நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் 400 கிலோமீட்டர் ஓட்டினால் கிளட்ச் பத்து முறைகூடப் பிடித்து விட்டிருக்காது. அந்தக் காலத்தில் மேட்டில் பாதிக் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது, கனமான சுமை ஏற்றுவது, வேறு வண்டியை இழுப்பது வேண்டாம். பிளேட்டைச் சூடாக்கி "செட்" செய்கிறேன் என்று யாராவது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் கிளட்ச்சை நழுவவிட்டால் தடுத்து நிறுத்துங்கள். பிளைவீலில் நீலத் திட்டுகள் விழுந்து, பிறகு தீராத உதறல் வரும்.

500 கிலோமீட்டரிலும் குறையவில்லை, அல்லது எஞ்சின் சூடானதும் கூடுகிறது என்றால் காத்திருப்பதில் பயனில்லை. பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது, பரப்பு சமமாக இல்லை, அல்லது போல்ட்டுகள் சீராக இறுக்கப்படவில்லை.

இரண்டாம் வழி: வெளியிலிருந்து சரிசெய்வது

மூன்றாம் வழியில் சொல்லும் அவசர அறிகுறிகள் இல்லாதவரை, சோதனை எந்தப் பக்கம் கைகாட்டினாலும், கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இதை முழுக்கச் செய்து முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கிளட்ச் மாற்றிய பின் வரும் புகார்களில் நிறையவை இங்கேயே தீரக்கூடியவை.

கேபிள் கிளட்ச்சிலிருந்து தொடங்குவோம். பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் (நடுவில் ரிலீஸ் பேரிங் அழுத்தும் ஸ்பிரிங் நாக்குகள்) கியர்பாக்ஸ் பக்கம் நகர்ந்து வரும். பெடலின் ஃப்ரீ பிளே (தொடக்கத்தில் தடையின்றி இறங்கும் தூரம்) குறையும். அதைச் சரிக்கட்ட ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு சர்வீஸிலும் கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வந்திருப்பார்கள். இப்போது தடித்த புதிய பிளேட் வந்ததும் விரல்கள் பிளைவீல் பக்கம் திரும்பிப் போய்விடும். கேபிள் பழைய தளர்விலேயே இருந்தால் பெடலின் பாதி நடை வெறும் தளர்வை இழுப்பதற்கே போய்விடும். பிளேட் முழுக்க விடாது. அறிகுறி: பெடல் மேலே வெகுதூரம் லேசாக இறங்குகிறது, தரையை ஒட்டி வரும்போதுதான் கிளட்ச் விடுகிறது. சரிசெய்யும் நட்டைச் சுற்றி, பெடலின் மேல் ஃப்ரீ பிளேயைக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிறிய கார்களில் அது பொதுவாக 15 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஃப்ரீ பிளேயே இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது. ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுந்தி எரியும், கிளட்ச் வழுக்கும். பழைய கேபிளின் உறை நெளிந்தோ இழைகள் பிரிந்தோ இருந்தால் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. புதிய கேபிள் போடுங்கள்.

ஹைட்ராலிக் என்றால் காற்று எடுக்க வேண்டும். குழாயைக் கழற்றியிருந்தால் காற்று நிச்சயம் புகுந்திருக்கும். கழற்றாமல், கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தனியே தொங்கவிட்டிருந்த நேரத்தில் யாராவது பெடலை மிதித்திருந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டு சீல் நொடிந்திருக்கலாம். சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் குழாய் அதன் நடுப்பகுதியிலிருந்து கிளம்புவதால் பிரேக்குக்கு ஆயில் போதுமான அளவு இருக்கும்போதே கிளட்ச் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். காற்று எடுக்கும்போது டப்பாவை நிரப்பியே வைத்திருங்கள். வேகமாகப் பெடலை அடிப்பதைவிட, மெல்ல அழுத்தி, ப்ளீடர் (காற்று வெளியேற்றும் திருகு) திறந்து, மூடி, பிறகே பெடலை விடுவது நுண்ணிய குமிழ்களையும் வெளியேற்றும். ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்த சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வகையில், ப்ளீடரைத் திறந்து ஆயிலைத் தானாக வழியவிட்டுத் தொடங்குவது நல்லது.

பெடலுக்கு அடியில் தடித்த மேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் மேட் பெடல் நடையில் ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும்.

அடுத்தது கியர் ஆயில். முன்சக்கர இயக்கக் காரில் ஆக்சிலை இழுத்ததும் ஆயில் கொட்டிவிடும். திரும்ப ஊற்றினார்களா, எதை ஊற்றினார்கள் என்று பில்லைப் பாருங்கள். சிறிய கார் கியர்பாக்ஸுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். பக்கவாட்டு லெவல் பிளக்கிலிருந்து வழியும் வரை ஊற்ற வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். தரமோ அளவைவிட முக்கியம். டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் ஜிஎல் 5 தரத்து 90 நம்பர் ஆயிலை ஊற்றினால் பல கியர்பாக்ஸ்களில் சிங்க்ரோ ரிங் பிடி கிடைக்காமல் நழுவும்; காலையில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் கடிக்கும், அரை மணி ஓடியதும் குறையும். இந்த அறிகுறி இருந்தால், கையேடு ஜிஎல் 4 தரத்து 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-80 கேட்கும் வண்டியில் அதையே மாற்றி ஊற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரியது.

உதறல் ஐடிலில் ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் தெரிந்தால் முதல் சந்தேகம் மவுண்டிங்தான். கியர்பாக்ஸை ஏற்றியதும் மவுண்டிங் போல்ட்டை எட்டாத துளைக்கு ஜாக்கியால் நெம்பி இறுக்கியிருந்தால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும்; எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் பாடிக்குப் போய்விடும். எல்லா மவுண்டிங் போல்ட்டுகளையும் ஓரிரு சுற்றுத் தளர்த்தி, எஞ்சினை ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அதுவே உட்காரும் இடத்தில் உட்காரவைத்து, அணைத்துவிட்டு இறுக்குங்கள். எஞ்சினைத் தாங்கி நின்றபோது பழைய ரப்பர் கிழிந்திருக்கலாம். கீழே எண்ணெய் கசிந்த ஹைட்ராலிக் மவுண்டிங் இனி வேலை செய்யாது. சைலன்சர் குழாய் சப்ஃபிரேமில் இடிக்கிறதா, கியர்பாக்ஸ் அடித்தகடு பிளைவீலில் உரசுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள்.

உதறல் என்று நாம் சொல்வது சில நேரம் எஞ்சின் மிஸ் அடிப்பதாக இருக்கும். பல எஞ்சின்களில் கிராங்க் சென்சார் பிளைவீல் பற்களைப் படிக்கிறது. அதன் இணைப்பு சரியாக மாட்டாவிட்டாலோ முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலோ எஞ்சின் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஏர் ஃபில்டர் பெட்டியின் சிறு குழாய் ஒன்று விட்டுப்போனாலும் ஐடில் ஆடும். பேட்டரியைக் கழற்றியதால் ஐடில் நிலை அழிந்து, சிறிது தூரம் ஓடியதும் தானே சரியாவதும் உண்டு. இன்னொன்றை மறக்கவே கூடாது: கியர்பாக்ஸில் மாட்டும் எர்த் கம்பி. அது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகவும் கியர் கேபிள் வழியாகவும் திரும்பிப் போகும். கேபிள் சூடாகி உள்ளுறை உருகி, புதிய கிளட்ச்சின் பெடல் சில நாளில் கல்லாக இறுகும்.

ஓடும்போது வரும் உதறலுக்கு வீல் நட்டிலிருந்து தொடங்குங்கள். இறுக்காமல் விட்ட சக்கரம் உயிருக்கே ஆபத்து. பிறகு ஆக்சில். கியர்பாக்ஸிலிருந்து இழுக்கும்போது ஆக்சில் கம்பியைப் பிடித்து இழுத்திருந்தால் உள் ஜாயிண்டின் உருளைகள் இடம் பெயர்ந்திருக்கும். திரும்பச் சொருகும்போது கிளிப் டக்கென்று உட்காராவிட்டால் அது முழுக்க உள்ளே போகாது. கியர் ஆயில் சொட்டுவது அதற்குச் சாட்சி. பின்சக்கர இயக்க வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஃபிளேஞ்சில் அடையாளம் போடாமல் கழற்றி, அரைச் சுற்று மாறிப் பூட்டினால் வேகத்தோடு ஏறும் உதறல் வரும். திருப்பிப் பூட்டினாலே போய்விடும்.

மூன்றாம் வழி: மறுபடி இறக்குவது

இவையெல்லாம் சரியாக இருந்தும் கடிக்கிறது என்றால் இறக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். சில அறிகுறிகள் இருந்தால் இரண்டாம் வழிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்: பெல் ஹவுசிங்கில் (கிளட்ச்சை மூடியிருக்கும் கியர்பாக்ஸ் கூடு) உலோகம் இடிக்கும் சத்தம், பெடல் திடீரென்று தரையோடு போவது, பெல் ஹவுசிங் அடியில் எண்ணெய் சொட்டு, நின்ற இடத்தில் சுற்றோடு கடுமையாக ஏறும் அதிர்வு. கடைசியாகச் சொன்னது பிரஷர் பிளேட் போல்ட் தளர்ந்ததாகவும் இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

இறக்கியதும் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், காரணம் கண்ணுக்கு முன்னால் கிடைக்கும். எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளேட் எந்தப் பக்கம் பார்க்கிறது. தலைகீழாகப் போட்டால் அதன் நடுப்பகுதி பிளைவீல் போல்ட்டுகளில் இடித்த பளபளப்பான வளையம் தெரியும். ஸ்பிரிங் உள்ள புடைப்புப் பக்கம் பெரும்பாலும் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். பிளேட்டிலேயே பக்கம் எழுதியிருக்கும்.

அடுத்து பிளேட்டின் நெளிவு. கியர்பாக்ஸை ஏற்றும்போது இன்புட் ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் கியர்பாக்ஸின் எடையை அதன் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. இடைவெளியே மொத்தம் ஒரு மில்லிமீட்டர் என்னும்போது அரை மில்லிமீட்டர் நெளிவே கரகரப்புக்குப் போதும். தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லையும் 0.5 மில்லிமீட்டர்தான். டயல் கேஜில் (நுண்ணிய நெளிவை முள்ளால் காட்டும் கருவி) சுற்றிப் பார்க்க வேண்டும். வளைந்த பிளேட்டைத் தட்டி நிமிர்த்துவதை ஏற்காதீர்கள்.

ஸ்பிளைன் (பிளேட் மாட்டும் ஷாஃப்டின் பல்வரிகள்) காய்ந்திருந்தால் பிளேட் ஷாஃப்டில் நகராமல் ஒட்டும். கிரீஸ் அதிகமாகியிருந்தால் சுழற்சியில் சிதறி பிளேட்டை நனைத்து உதறலைக் கொடுக்கும். வெப்பம் தாங்கும் கிரீஸை மெல்லியதாகப் பூசி, பிளேட்டை ஷாஃப்டில் முன்னும் பின்னும் ஓட்டி, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். செம்புத்தூள் கலந்த பேஸ்ட் இங்கே வேண்டாம்.

பெல் ஹவுசிங்கில் இரண்டு உள்ளீடற்ற டவல் பின்கள் இருக்கும். பழைய எஞ்சினில் ஒன்று துருப்பிடித்து உடைந்து, இல்லாமலேயே பூட்டிவிடுவது நடக்கிறது. பின் இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் மையமும் கிராங்க்கின் மையமும் ஒரே கோட்டில் நிற்காது. பிளேட் ஒவ்வொரு சுற்றிலும் நெளியும், உதறலும் கரகரப்பும் சேர்ந்தே வரும். இரண்டு புகாரும் ஒன்றாக வந்த வண்டியில் நாங்கள் முதலில் தேடச் சொல்வது இதைத்தான். இரண்டு முகங்களுக்கு நடுவே வயரோ மண்ணோ சிக்கினாலும் இதே கதை.

பிரஷர் பிளேட்டுக்கும் பிளைவீலில் சிறு பின்கள் உண்டு. போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கினால் கவர் கோணிவிடும். தானே சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட்டை அதற்குரிய கருவி இல்லாமல் இறுக்கினால் உள்ளே உள்ள வளையம் நகர்ந்து, புதிய பாகமே முதல் நாளிலிருந்து விடாது.

கடைசியாக, பெட்டியில் வந்த பாகம் உங்கள் வண்டிக்குரியதா? ஒரே பெயர் கொண்ட மாடலில் எஞ்சினுக்கு எஞ்சின் பிளேட் விட்டம் மாறும். பழைய பிளேட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து விட்டம், ஸ்பிளைன் எண்ணிக்கை, நடுப்பகுதி உயரம், விரல்களின் உயரம் நான்கையும் ஒப்பிடுங்கள். பின்சக்கர இயக்க வண்டியில் கிராங்க் முனையில் உள்ள பைலட் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். அது இறுகினால் பிளேட் நன்றாக விட்டும் ஷாஃப்டை எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இறக்கிய பிறகு: பிளேட் மட்டுமா, செட்டா, பிளைவீலுமா?

பிளேட்டை மட்டும் மாற்றுவது மலிவாகத் தோன்றும். தேய்ந்து சாய்ந்த பழைய பிரஷர் பிளேட்டின் மேல் சமதளமான புதிய பிளேட்டை வைத்தால் விளிம்பு மட்டும் பிடிக்கும், உதறும். கூலி இரண்டுக்கும் ஒன்றே. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட்டாகப் போடுங்கள். லூக், வேலியோ போன்ற பெயர்களில் போலிகளும் புழங்குவதால் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள்.

பிளைவீலில் நீலத் திட்டோ நகத்தில் தட்டுப்படும் வரியோ இருந்தால் விடக் கூடாது. லேத்தில் சீவுவதைவிட கிரைண்டிங்கில் தேய்ப்பது மேல்: சூட்டில் இறுகிய திட்டுகளின் மேல் லேத் கருவி ஏறி இறங்கி மேடாக விட்டுவிடும், கிரைண்டிங் கல் அவற்றையும் சமமாக்கும். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் கிளட்ச்சை ரிலீஸ் பேரிங்கிலிருந்து அவ்வளவு தள்ளி வைக்கிறது. அதிகம் எடுத்தால் உதறல் போய் கரகரப்பு வரும். விளிம்பில் படி உள்ள பிளைவீலில் பரப்பில் எடுத்த அதே அளவைப் படியிலும் எடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுத்தால்தான் சமமாகும் என்றால், அல்லது விரிசல் இருந்தால், புதிய பிளைவீலே சரி.

டூயல் மாஸ் பிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாதிகளாகச் செய்தது) உள்ள டீசல் வண்டி என்றால் கணக்கு மாறும். அதைச் சாதாரண பட்டறையில் கிரைண்டிங் செய்ய முடியாது. இரண்டு பாதிகளையும் கையால் எதிரெதிராகத் திருப்பும்போது தடையே இல்லாமல் தளர்வாக ஆடினாலோ, உள்ளிருந்து கிரீஸ் கசிந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. விலையைப் பார்த்துச் சாதாரண இரும்புப் பிளைவீலுக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடும்; ஆனால் ஐடிலிலும் குறைந்த சுற்றிலும் டீசல் எஞ்சினின் துடிப்பு நேராகக் கியர்பாக்ஸுக்குப் போய்க் கடகடப்பும் அதிர்வும் கூடும். எந்த உதறலைத் தீர்க்க வந்தீர்களோ அதையே நிரந்தரமாக வாங்கிப் போவதாகும். வண்டியை இன்னும் சில ஆண்டு வைத்திருப்பதாக இருந்தால் டூயல் மாஸையே போடுங்கள், பிளைவீல் போல்ட்டுகளையும் புதிதாக.

அதே பட்டறையா, வேறு இடமா?

முதலில் அதே பட்டறை. வேறு இடத்தில் திறந்துவிட்டால் யார் வேலையில் குறை என்று நிரூபிக்க முடியாது, உத்தரவாதமும் போய்விடும். மேலே சொன்ன சோதனைகளின் முடிவை ஒரு தாளில் எழுதி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டி, ஜாப் கார்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். "கிளட்ச் சரியில்லை" என்பதைவிட "எஞ்சின் அணைந்தால் கியர் விழுகிறது, ஐடிலில் பத்து நொடி கழித்தும் ரிவர்ஸ் கடிக்கிறது" என்பது அவரையும் நேராகக் காரணத்துக்கு அழைத்துப் போகும். பெல் ஹவுசிங் பிரியும்போது நீங்கள் அங்கே இருக்க அனுமதி கேளுங்கள். பழைய பாகங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேபிளைக்கூடப் பார்க்காமல் "ஓடினா செட் ஆயிடும்" என்பதே மறுபடியும் பதிலாக வந்தால், அல்லது டயல் கேஜும் டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) இல்லாத இடம் என்றால், புகாரை எழுத்தில் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்குப் போகலாம். சேவைக் குறைபாட்டுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுக வழி இருக்கிறது. அப்போது இந்த ஜாப் கார்டும் பில்லும் படங்களும்தான் கையில் இருக்க வேண்டும்.

அதுவரை வண்டியை எடுத்தே தீர வேண்டும் என்றால், சிக்னலில் கியரைப் போட்டு நிற்காமல் நியூட்ரலில் நில்லுங்கள். ரிவர்ஸ் போடும் முன் மூன்றாம் அல்லது நான்காம் கியரின் பக்கம் லிவரை மெல்ல அழுத்தி ஷாஃப்டை நிறுத்திவிட்டுப் பிறகு போடுங்கள். அதற்கும் கடித்தால் எஞ்சினை அணைத்து, ரிவர்ஸ் போட்டு, பெடலை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் கிளட்ச் விடாத வண்டி ஸ்டார்ட் ஆனதுமே நகரும், பின்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை பூட்டிய பின் பட்டறையிலேயே அந்தப் பத்து நிமிடச் சோதனையை மறுபடி செய்து, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுவதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 50 கிலோமீட்டரில் வீல் நட்டையும் ஆக்சில் சீலில் ஈரத்தையும் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் 1000 கிலோமீட்டரில் ஃப்ரீ பிளேயை ஒருமுறை அளந்துவிடுங்கள், பிளேட் பொருந்தி உட்கார்ந்த பிறகு அது சற்றுக் குறைந்திருக்கும்.